பேனல் உபயம் போதும், பேட்டரிக்குப் போற வழியைப் பார்ப்போம்



பதிவு கொஞ்சம் நீளம். ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சு பொறுமையா உட்கார்ந்து படிங்க. பாதியில நிறுத்திட்டுக் கோபப்பட்டு கமெண்ட் போடாதீங்க. முழுசாப் படிச்சிட்டுக் கோபம் வந்தா தாராளமாத் திட்டுங்க, கேட்டுக்கறேன்.

மூணாவது ஆடி வெள்ளி அன்னிக்கு நடந்தது வந்தவங்களுக்குத் தெரியும். வராதவங்களுக்காகச் சொல்றேன். சாயங்காலம் ஏழே காலுக்கு விளக்கு போட்டோம். அபிஷேகம், அலங்காரம் எல்லாம் நல்லபடியா முடிஞ்சது. மணி 9:40 இருக்கும். திரை விலகி அம்மனுக்குத் தீபாராதனை காட்டற நேரம். இன்வெர்ட்டர் பீப் பீப்னு கத்துச்சு. மைக் கரகரன்னுச்சு. அடுத்த நிமிஷம் எல்லா விளக்கும் ஒண்ணா அணைஞ்சது. செம்பனைக் காட்டுக்கு நடுவுல இருக்கற கோயில் நம்மது. விளக்கு போச்சுன்னா நம்ம கையே நமக்குத் தெரியாது. சுடர் ஒளியில அம்மன் முகம் மட்டும் தெரிஞ்சுது. "இதுவும் ஒரு தரிசனம்தான்"னு யாரோ சொன்னாங்க. ஆனா அதே இருட்டுல மண்டபப் படி இறங்கின எழுபத்தி மூணு வயசுப் பெரியம்மா கால் தவறி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிஞ்சு போச்சு. தலை அடிபடாம ஆத்தா காப்பாத்தினா.

மறுநாள் காலைல வாட்சப் குரூப்ல ஒரே பேச்சு. "இன்னும் ரெண்டு பேனல் போட்டாச் சரியாயிடும்." மத்தியானத்துக்குள்ள மூணு பேர் உபயம் எடுத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. நான் ஒருத்தன்தான் "வேண்டாம்"னு எழுதினேன். ஒரு தம்பி கேட்டார்: "ஆத்தாவுக்குக் கொடுக்கறதைத் தடுக்க நீங்க யாரு அண்ணே?"

நியாயமான கேள்வி. அதுக்குப் பதில்தான் இது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். நம்ம கோயில்ல பேனல் பத்தாம இல்ல. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவுல இருக்கற வேலைதான் தப்பு. அதைச் சரி பண்ணாம இன்னும் பத்து பேனல் ஏத்தினாலும், அடுத்த விசேஷத்துலயும் இருட்டுலதான் நிப்போம்.

நான் பெரிய படிப்பு படிச்சவன் இல்ல. முப்பது வருஷம் ஃபேக்டரில வயர்மேன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நான் சொல்றதை நம்பச் சொல்லல. மீட்டர் வச்சு யார் வேணும்னாலும் அளந்து பார்க்கலாம். நானும் பக்கத்துல நிக்கறேன்.

நம்ம கிட்ட இருக்கறது என்ன?

தோட்டத்துல குடியிருந்தவங்க எல்லாம் தாமான்களுக்குப் போன பிறகு, லயத்தோட சேர்ந்து கரண்டும் போயிடுச்சு. ஜென்செட் வச்சு ஓட்டினோம். நாலு வருஷம் முன்ன ஒரு புண்ணியவான் 100 வாட் பேனல் ஒண்ணு, 100 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒண்ணு, சின்ன சார்ஜ் கண்ட்ரோலர் ஒண்ணு கொடுத்தார். வெளிச்சம் வந்த சந்தோஷத்துல, பழுதாகிக் கிடந்த ஜென்செட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டோம்.

அதைப் பார்த்து இன்னொரு குடும்பம் ஒரு பேனல் கொடுத்தாங்க. அப்புறம் மூணாவது வந்தது. போன வருஷம் ஒருத்தர் தன் வீட்டுக் கூரையில இருந்து இறக்கின 270 வாட் பெரிய பேனலையே கொண்டு வந்து கொடுத்தார், கூடவே இன்னொரு சின்னக் கண்ட்ரோலரும். கூட்டிப் பாருங்க, 570 வாட். இந்த நாலு வருஷத்துல பேட்டரியை ரெண்டு தடவை மாத்தியாச்சு. அந்தக் காசு அர்ச்சனைச் சீட்டுக் காசு, உண்டியல் காசு.

இப்ப என் கேள்வி. ஒரு பேனல் இருந்தப்போ விளக்கு ரெண்டரை மணி நேரம் எரிஞ்சது. நாலு பேனல் வந்த பிறகும் ரெண்டரை மணி நேரம்தானே எரியுது? மீதி எங்க போச்சு?

பேனல் முதுகுல எழுதியிருக்கறது

எந்தப் பேனலைத் திருப்பினாலும் பின்னால ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். நாம 100 வாட், 270 வாட் மட்டும்தான் பார்க்கறோம். அதுக்குக் கீழே இருக்கற நாலு எண்தான் முக்கியம்.

வி.ஓ.சி: எதுலயும் இணைக்காம சும்மா வெயில்ல வச்சா வர்ற வோல்ட். நம்ம 100 வாட் பேனலுக்குச் சுமார் 22.

ஐ.எஸ்.சி: ரெண்டு வயரையும் ஒண்ணா முட்டவிட்டா ஓடற ஆம்பியர். சுமார் 6.

வி.எம்.பி, ஐ.எம்.பி: பேனல் நல்லா வேலை செய்யற இடத்து வோல்ட்டும் ஆம்பியரும். 18 வோல்ட், 5.5 ஆம்பியர். ரெண்டையும் பெருக்கினா 99. அந்த "100 வாட்" இங்கிருந்துதான் வந்தது. 18 வோல்ட்ல வேலை வாங்கினாத்தான் 100 வாட்.

பேனலோட குணம் என்னன்னா, நல்ல வெயில்ல அது தர்ற ஆம்பியர் கிட்டத்தட்ட மாறாது. 13 வோல்ட்ல இழுத்தாலும் 5.5 பக்கத்துல, 17 வோல்ட்ல இழுத்தாலும் 5.5 பக்கத்துல. 18ஐத் தாண்டினா கிடுகிடுன்னு குறைஞ்சு, 22ல பூஜ்யமாயிடும்.

அன்னதானக் கொட்டகையை நினைச்சுக்கோங்க. சமையல்கட்டுல இருந்து சாதம் தூக்கிட்டு வர்ற ஒருத்தர் நடக்கற வேகம் மாறாது. ஒரு நிமிஷத்துக்கு இத்தனை நடைதான். நடை எண்ணிக்கைதான் ஆம்பியர். ஒரு நடையில எத்தனை கிலோ தூக்கறார், அதுதான் வோல்ட். பந்திக்கு வந்து சேர்ற சாதம் ரெண்டையும் பெருக்கி வர்றது. அதுதான் வாட். 18 கிலோ தூக்கத் தெம்பு உள்ளவர் கையில 13 கிலோ வாளியைக் கொடுத்தா, அவர் வேகமா ஓட மாட்டார். அதே நடைதான். 5 கிலோ தெம்பு வீண்.

நம்ம கோயில்ல இருக்கற பி.டபிள்யூ.எம் வகைக் கண்ட்ரோலர் இப்படித்தான் செய்யுது. பேனலை நேரா பேட்டரியோட சேர்த்து விடுது. பேட்டரி 13 வோல்ட்ல இருந்தா பேனலும் அதை ஒட்டித்தான் நிக்கணும்.

100 வாட் பேனலுக்கு இது பரவாயில்ல. 270 வாட்டைப் பாருங்க. அது வீட்டுக் கூரைக்குன்னு செஞ்ச 60 செல் பேனல். 31 வோல்ட்ல 8.7 ஆம்பியர் தர்றது. அதை 13 வோல்ட்ல கட்டிப் போட்டா, 13 பெருக்கல் 8.7, அதாவது 113 வாட். 270ல 157 வாட் கூரையிலயே நின்னுடுது. கொடுத்தவர் மேல தப்பே இல்ல. நல்ல பொருள்தான் கொடுத்தார். நாமதான் முப்பது கிலோ தூக்கறவர் கையில சின்ன வாளியைக் கொடுத்து நிறுத்தி வச்சிருக்கோம்.

பச்சை விளக்கு நம்மள ஏமாத்தின கதை

ஆடி வெள்ளிக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை மீட்டரோட கோயிலுக்குப் போனேன். பூசாரி ஐயாவும் கூட இருந்தார். மணி பன்னெண்டரை. நல்ல வெயில், மேகம் இல்ல.

கண்ட்ரோலர் ரெண்டும் எங்க இருக்கு? அன்னதானக் கொட்டகைத் தூண்ல, பேனலுக்கு நேர் கீழே. பேட்டரி எங்க இருக்கு? கோயிலுக்குப் பின்னால ஸ்டோர் ரூம்ல. நடுவுல ஒரே ஒரு 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள், 30 மீட்டர் தூரம். ரெண்டாவது கண்ட்ரோலரையும் அதே கேபிள்லதான் சேர்த்திருக்கோம்.

கண்ட்ரோலர்ல பார்த்தேன். 14.4 வோல்ட், பேட்டரி நிறைஞ்சதுன்னு பச்சை விளக்கு. பூசாரி ஐயா சொன்னார், "தினமும் மத்தியானமே பச்சை வந்திடும் தம்பி, பேட்டரி நல்லாத்தான் இருக்கு."

ஸ்டோர் ரூமுக்குப் போய் பேட்டரி முனையிலயே மீட்டர் வச்சேன். 13.0 வோல்ட்.

ஒரே கேபிளோட ரெண்டு முனை. ஒரு முனையில 14.4, மறு முனையில 13.0. நடுவுல 1.4 வோல்ட் தொலைஞ்சு போச்சு.

அந்தத் தடிமன்ல செம்பு வயருக்கு ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 7.4 ஓம் தடை. போக 30, வர 30, மொத்தம் 60 மீட்டர். கணக்குப் போட்டா 0.44 ஓம். 1.4 வோல்ட்டை 0.44ஆல வகுத்தா 3.2 ஆம்பியர். கிளாம்ப் மீட்டரை வயர்ல மாட்டிப் பார்த்தேன். மூணு ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலதான் காட்டுச்சு. கணக்கும் மீட்டரும் ஒத்துப் போச்சு.

என்ன நடக்குதுன்னா, கண்ட்ரோலருக்குக் கண்ணு அதோட சொந்த முனையிலதான் இருக்கு. அங்க 14.4 வந்ததும் "பேட்டரி நிறைஞ்சாச்சு"ன்னு நினைச்சு கரண்டைக் குறைக்குது. பேட்டரி 30 மீட்டருக்கு அந்தப் பக்கம் பசியோட கிடக்குது.

இதுதான் விஷயத்தோட மையம், தயவு செஞ்சு ரெண்டு தடவை படிங்க. அந்த முனையில 14.4க்கு மேல கண்ட்ரோலர் விடாது. பேட்டரி 13ல இருக்கு. நடுவுல 0.44 ஓம். அப்ப அந்தக் கேபிள்ல 3.2 ஆம்பியருக்கு மேல ஓடவே ஓடாது. பேனல் ஒண்ணா இருந்தாலும் அதே 3.2, நாலு இருந்தாலும் அதே 3.2, நாப்பது இருந்தாலும் அதே 3.2. 570 வாட் பேனல்ல இருந்து பேட்டரிக்குள்ள போனது 42 வாட்.

இப்பத் தெரியுதா, ஏன் "இன்னும் ரெண்டு பேனல்" வேண்டாம்னு சொன்னேன்னு?

ஒரு நாளைக்கு மூணு ஆம்பியர் வீதம் ஏழு மணி நேரம் போட்டா 21 ஆம்பியர்-அவர். நம்ம விளக்கு, மைக், ஃபேன் எல்லாம் சேர்ந்து சுமார் 130 வாட் இழுக்குது. 12 வோல்ட் பேட்டரியில அது 11 ஆம்பியர். 21ஐ 11ஆல வகுங்க. ரெண்டு மணி நேரம். முன்னாடி சேர்ந்து கிடந்ததையும் கொஞ்சம் கூட்டிக்கிட்டா ரெண்டரை. ஏழே காலுக்குப் போட்டா எப்ப அணையும்? ஒன்பதே முக்காலுக்கு. தெய்வக் குத்தம் எதுவும் இல்ல. கணக்கு அது.

பேட்டரி ஏன் ரெண்டு வருஷத்துல செத்துப் போகுதுன்னும் இதுலயே பதில் இருக்கு. நம்ம லெட்-ஆசிட் பேட்டரிக்குத் தினமும் இல்லாட்டியும் அடிக்கடி அதோட முனையிலயே 14.4 வோல்ட் பக்கத்துல ரெண்டு மூணு மணி நேரம் நிக்கற மாதிரி சார்ஜ் ஏறணும். எப்பவும் அரைப் பட்டினியில கிடந்தா உள்ளே ஈயத் தகட்டுல சல்ஃபேட் படிஞ்சு இறுகிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் பிடிக்காது. "கடைக்காரர் பழைய பேட்டரியைத் தள்ளிட்டார்"னு நாமும் பேசினோம். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம். பேட்டரியைக் கொன்னது நாமதான்.

வெயில் தர்றதும் எடுக்கறதும்

இன்னொண்ணு நம்ம ஊருக்குன்னு இருக்கு. அந்தச் சீட்டுல எழுதியிருக்கற எண்ணெல்லாம் செல் 25 டிகிரில இருக்கும்போது அளந்தது. சுங்கை பட்டாணி வெயில்ல மத்தியானம் பேனல் கண்ணாடியில கை வைக்க முடியாது. உள்ளே 60 டிகிரி வந்திடும். சூடு ஏற ஏற பேனலோட வோல்ட் இறங்கும், டிகிரிக்கு நூத்துக்கு 0.4 அளவுல. 35 டிகிரி கூடினா 14 சதவீதம். 18 வோல்ட் பேனல் 15.5 வோல்ட் ஆயிடும்.

பேட்டரிக்கு 14.4 வேணும். பேனல்ல இருக்கறது 15.5. நடுவுல 1.1 வோல்ட்தான் இடம். கண்ட்ரோலரை மட்டும் பேட்டரி பக்கத்துக்கு மாத்திட்டு, மூணு பேனலையும் இப்ப மாதிரியே பேரலல்ல விட்டா, 16.5 ஆம்பியர் அதே மெல்லிசு கேபிள்ல வரணும். அந்தக் கேபிள் 7 வோல்ட் கேட்கும். எங்க போறது? பழையபடி முழு கரண்டும் வந்து சேராது. அதனாலதான் ஒண்ணை மட்டும் மாத்தினாப் போதாதுன்னு சொல்றேன்.

பேர் ஒட்டின கதை

இதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். சம்பந்தப்பட்ட அக்காகிட்ட அனுமதி கேட்டுட்டுத்தான் எழுதறேன்.

மூணாவது பேனல்ல, கண்ணாடி மேலயே, கீழ் ஓரமா முழு அகலத்துக்கு "உபயம்"னு குடும்பப் பேரோட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தோம். ஒட்டினது அவங்க இல்ல. நாமதான், தொண்டர்கள். அழகா இருக்கட்டும்னு.

36 செல்லும் ஒரு சங்கிலி மாதிரி ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா இணைஞ்சிருக்கு. பால்குடம் எடுக்கும்போது ஒத்தையடிப் பாதையில ஒருத்தர் நின்னுட்டா பின்னால வர்ற அத்தனை பேரும் நிக்கணும் இல்லையா, அது மாதிரி ஒரு செல் முழுசா மறைஞ்சா அந்த வரிசையே நின்னுடும். அதுக்குத்தான் பேனலுக்குள்ள பைபாஸ் டையோடுன்னு சுத்துப் பாதை வச்சிருக்காங்க, பொதுவா இந்த அளவு பேனல்ல ரெண்டு. பாதி பேனலைத் தள்ளிட்டு மீதிப் பாதி ஓடும். ஆனா பாதி பேனல்னா 9 வோல்ட். 12 வோல்ட் பேட்டரிக்கு 9 வோல்ட்டால ஒரு சொட்டு கூட ஏத்த முடியாது. நம்ம ஸ்டிக்கர் கீழ் வரிசை நாலு செல்லையும் மூடியிருந்தது. ரெண்டு பாதியுமே அவுட்.

காலைல அந்தப் பேனலைத் தனியாக் கழட்டி அளந்தேன். வோல்ட் 19 காட்டுது. "நல்லாத்தானே இருக்கு"ன்னு பக்கத்துல நின்ன தம்பி சொன்னார். ஆம்பியர்ல வச்சுப் பார்த்தேன். ஒண்ணும் இல்ல. வேலை செய்யாத பேனலும் சும்மா இருக்கும்போது வோல்ட் காட்டும். வோல்ட் மட்டும் பார்த்து ஏமாறாதீங்க, அதுக்காகவும்தான் இதைச் சொல்றேன்.

அக்காகிட்ட போய் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க, "எங்க அப்பா பேரு அது. அவர் பேர்ல விளக்கு எரியணும்னு கொடுத்தோம். அவர் பேராலயே அணைஞ்சிருக்குன்னா எடுத்துடுங்க தம்பி." அன்னிக்கே சுரண்டி எடுத்தோம். அவர் பேரு இப்ப தூண்ல தகரப் பலகையில இருக்கு. பேனல் மத்தியானம் அஞ்சு ஆம்பியருக்கு மேல தருது. கேபிள் சரியானா அதுவும் பேட்டரிக்குப் போய்ச் சேரும்.

இதே மாதிரிதான் நிழலும். அரசமரக் கிளை, கொட்டகை மேல கட்டற திருவிழா பேனர், காய்ஞ்ச இலை, பறவை எச்சம் எல்லாமே ஒரு செல்லை மூடினாப் போதும்.

என்ன செய்யலாம்?

குறை சொல்றது சுலபம். வழியும் சொல்றேன்.

ஒண்ணு. மூணு 100 வாட் பேனலையும் பேரலல்ல இருந்து சீரிஸுக்கு மாத்தணும். அப்ப ஆம்பியர் 5.5தான், வோல்ட் மூணு மடங்கு. சூட்டுல கூட 46 வோல்ட் இருக்கும். அதே பழைய கேபிள்ல 5.5 ஆம்பியர் போனா 2.4 வோல்ட்தான் தொலையும். 46ல 2.4 போனா யாருக்குக் கவலை? கேபிளே மாத்த வேண்டியதில்ல.

ரெண்டு. பி.டபிள்யூ.எம்மைத் தூக்கிட்டு எம்.பி.பி.டி கண்ட்ரோலர் ஒண்ணு, 100 வோல்ட் வரைக்கும் தாங்கறது, ஸ்டோர் ரூம்ல பேட்டரிக்குப் பக்கத்துலயே வைக்கணும். மூணு பேனல் சீரிஸ்ல வி.ஓ.சி 66 வோல்ட் வரும், அதனால 50 வோல்ட் கண்ட்ரோலர் வாங்கினாப் புகைஞ்சிடும். எம்.பி.பி.டி செய்யற வேலை என்ன? பந்தி வாசல்ல நின்னு, பெரிய மூட்டையா வர்ற சாதத்தைப் பிரிச்சு, நிறைய சின்ன வாளியா மாத்திக் கொடுக்கற ஆள் மாதிரி. 44 வோல்ட், 5.5 ஆம்பியர் உள்ளே போனா, 13 வோல்ட்ல 17 ஆம்பியர் பக்கத்துல வெளியே வரும். இப்ப வர்றது 3.2.

மூணு. பேட்டரிக்குப் பக்கத்துல ஃபியூஸ். இப்ப ஃபியூஸே இல்ல, அதைப் பார்த்து எனக்கே பயம் வந்தது. 66 வோல்ட் டி.சி தீப்பொறி சுலபமா அணையாது. அதனால பேனலைத் துணியால மூடாம யாரும் இணைப்பைக் கழட்டக் கூடாது. சார்ஜ் ஏறும்போது பேட்டரியில இருந்து ஹைட்ரஜன் வரும். அதே ரூம்ல கற்பூரமும் எண்ணெயும் வச்சிருக்கோம். அதை உடனே வெளியே எடுக்கணும். அங்க யாரும் தீப்பெட்டி உரசக் கூடாது.

நாலு. 270 வாட் பெரியவருக்கு ரெண்டாவது கட்டத்துல வேலை கொடுப்போம். இந்த 100 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 10ல இருந்து 20 ஆம்பியர் வரைக்கும்தான் சுகம். எல்லாத்தையும் ஒண்ணா ஊட்டினா அதுக்கும் கேடு. இன்னொரு பேட்டரித் தொகுதி வரும்போது தனி எம்.பி.பி.டி வச்சு அதை இணைப்போம். பழைய பேட்டரியையும் புதுசையும் ஒண்ணாக் கட்ட வேண்டாம்.

நான் விசாரிச்ச வரைக்கும் முதல் மூணுக்கும் ஆகற செலவு, நாம ரெண்டு தடவை மாத்தின பேட்டரிச் செலவை விடக் குறைவு. கூலி நானும் ரெண்டு தம்பிகளும் பார்த்துக்கறோம்.

எதிர்க் கருத்துக்குப் பதில்

"மழைக்காலத்துல வெயில் குறைவு, அதுக்குப் பேனல் அதிகம் வேணுமே?" சரியான பேச்சு. மேகம் மூடினா ஆம்பியர் விழும், அப்ப பேனல் கூட இருந்தா உதவும். ஆனா வழியைத் திறந்த பிறகுதான். அடைஞ்ச குழாய்க்கு மேல தொட்டியைப் பெருசாக் கட்டி என்ன பயன்?

"லித்தியம் பேட்டரி வாங்கிட்டா எல்லாம் சரியாயிடும்." லித்தியம் நல்லதுதான். அரைகுறையாக் கிடந்தாலும் இந்த அளவுக்குச் சாகாது. ஆனா அதுக்கும் இதே கேபிள், இதே 3.2 ஆம்பியர்தான் போகும். விலை உசந்த பேட்டரி காலியாக் கிடக்கும்.

"சாமிக்குக் கொடுக்கறதுல கணக்குப் பார்க்கலாமா?" இதுக்குத்தான் நான் ரொம்ப யோசிச்சேன். கொடுக்கறவங்க கணக்குப் பார்க்க வேண்டாம். வாங்கி வைக்கிற நாம கண்டிப்பாப் பார்க்கணும். அபிஷேகத்துக்கு ஒருத்தர் கொடுத்த பாலை வெயில்ல வச்சுத் திரிய விட்டா யார் குத்தம்? பேனலும் அப்படித்தான். கொடுத்த 570 வாட்ல 42 வாட்டைத்தான் ஆத்தாவுக்குச் சேர்த்திருக்கோம். மீதியை அலட்சியத்தால வீணாக்கினது நிர்வாகமும் தொண்டர்களும், என்னையும் சேர்த்துத்தான். வயர்மேன்னு சொல்லிக்கிட்டு நாலு வருஷமா நானும் அந்தப் பச்சை விளக்கைப் பார்த்துட்டுக் கும்பிட்டுட்டுப் போனவன்தானே.

உங்ககிட்ட கேட்கறது

பேனல் உபயம் சொன்ன மூணு பேருக்கும் என் வேண்டுகோள். உங்க மனசு மாற வேண்டாம், பொருள் மட்டும் மாறட்டும். ஒருத்தர் எம்.பி.பி.டி கண்ட்ரோலரை எடுத்துக்கோங்க. ஒருத்தர் ஃபியூஸ், பிரேக்கர், இணைப்புச் சாமான் எடுத்துக்கோங்க. ஒருத்தர் ஒரு வருஷத்துக்குப் பேட்டரிக்கு ஊத்தற காய்ச்சி வடிச்ச தண்ணி எடுத்துக்கோங்க. இது எதுவும் வெளியே தெரியாது. கூரையில பளபளன்னு மின்னாது, ஸ்டோர் ரூம் இருட்டுல கிடக்கும். ஆனா கருவறையில விளக்கு எரியறது இதனாலதான். பேர்ப் பலகை வேணும்னா தூண்ல போட்டுக் கொடுக்கறோம்.

இனி யார் பேனலோ பேட்டரியோ கொடுக்கறதா இருந்தாலும், வாங்கறதுக்கு முன்னால அதோட முதுகுச் சீட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. பொருந்துமான்னு பார்த்துச் சொல்றோம்.

இளைஞர்களுக்கு ஒரு வேலை. மாசம் ஒரு தடவை காலை வெயிலுக்கு முன்ன பேனலைத் தண்ணி ஊத்தித் துடைக்கணும். வெள்ளிக்கிழமை விடியக்காலையில, வெயில் படறதுக்கு முன்ன, பேட்டரி முனையில வோல்ட் அளந்து நோட்டுல எழுதணும். ராத்திரி விளக்கு அணைச்சு ஓய்வுல இருந்த பேட்டரியில 12.7 இருந்தா நிறைவு, 12.2னா பாதி. அதுக்கும் கீழே போனா எனக்குப் போன் பண்ணுங்க.

நிர்வாகத்துக்கு ஒண்ணு. தலைவர் ஐயா, செயலாளர் அண்ணே, இது உங்கள எதிர்த்து எழுதினது இல்ல. அடுத்த கூட்டத்துல பத்து நிமிஷம் கொடுங்க. மீட்டரைக் கொண்டு வர்றேன். எல்லார் முன்னாலயும் கண்ட்ரோலர் முனையையும் பேட்டரி முனையையும் அளந்து காட்டறேன். நான் சொன்னது தப்புன்னா இதே இடத்துல மன்னிப்புக் கேட்டு எழுதறேன்.

நவராத்திரி வருது. ஆடி வெள்ளி மாதிரி வாரத்துக்கு ஒரு ராத்திரி இல்ல, தொடர்ந்து ஒன்பது ராத்திரி. ஒரு நாள் காலி பண்ணின பேட்டரி மறுநாள் மத்தியானத்துக்குள்ள நிறையணும். மூணு ஆம்பியர்ல அது நடக்காது. மூணாம் நாளே இருட்டுல நிப்போம். குழந்தைங்க கொலு முன்னால பாட வருவாங்க. பெரியவங்க அதே படியில இறங்கணும்.

நேத்து அந்தப் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். கையில மாவுக்கட்டு. "நவராத்திரிக்கு வருவேன்டா, கட்டோட வந்தாலும் வருவேன். நீ படியில மட்டும் ஒரு விளக்கு அணையாமப் பார்த்துக்கோ"ன்னு சொன்னாங்க. பார்த்துக்கறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். என் ஒருத்தனால முடியாது, நீங்களும் வாங்க.

ஆத்தா துணை.